தேநீர் போடப் பழகுவோம்: எந்த இலைக்கு எவ்வளவு சூடு, என்ன பலன்

சிங்கப்பூரில் நம் வீடுகளில் பெரும்பாலும் தேநீருக்கு ஒரே முறைதான். தண்ணீர், தூள், பால், சர்க்கரை எல்லாம் ஒரே பாத்திரத்தில் ஏறி, பொங்கி வரும்போது இறங்கும். கறுப்புத் தேயிலைத் தூளுக்கு அது அருமையான முறை. பச்சைத் தேயிலையையும் அப்படியே கொதிக்கவிட்டு, "ஒரே கசப்பு, மருந்து மாதிரி இருக்கு" என்று டப்பாவை அலமாரியின் பின்னால் தள்ளிவிட்டவர்கள் பலர். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அந்த டப்பாவைத் திரும்ப எடுங்கள்.

முதல் படி: இலையைத் தெரிந்துகொள்ளுங்கள்

பச்சை, வெள்ளை, ஊலாங், கறுப்பு, பூ-எர் எல்லாமே கமெலியா சினென்சிஸ் என்ற ஒரே செடியின் இலைகள்தாம். பறித்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். பறித்த கையோடு சூடு காட்டினால் இலை பச்சையாகவே நின்றுவிடும். சீனாவில் பெரும்பாலும் வாணலியில் வறுப்பார்கள், ஜப்பானில் ஆவியில் வேகவைப்பார்கள். இலையை வாடவிட்டு, நசுக்கி, காற்றோடு முழுக்க வினைபுரிய விட்டால் கறுப்புத் தேயிலை. பாதி வழியில் நிறுத்தினால் ஊலாங். மொட்டையும் இளந்தளிரையும் வாடவிட்டு உலர்த்தினால் வெள்ளைத் தேயிலை. பூ-எர் சீனாவின் யுன்னான் மாநிலத்தது. நுண்ணுயிர்களால் புளித்து, வைக்க வைக்க மண்வாசனை கூடும்.

இஞ்சித் தண்ணீர், சாமந்திப்பூத் தேநீர், துளசி இவையெல்லாம் வேறு குடும்பம். காஃபீன் கிடையாது, இரவிலும் குடிக்கலாம்.

இரண்டாவது படி: கொஞ்சமாக வாங்குங்கள்

தொடக்கத்தில் மூன்றே போதும்: ஒரு கறுப்பு, ஒரு பச்சை, ஒரு ஊலாங். அசாம், நீலகிரி, இலங்கைத் தேயிலைக்குத் தேக்காவைச் சுற்றியுள்ள மளிகைக் கடைகள் போதும். ஊலாங் வாங்கச் சைனாடவுன் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். மோஸ்க் ஸ்திரீட்டில் பெக் சின் சூன் என்ற கடை இருக்கிறது. 1925 முதல் தேயிலை விற்கிறார்கள். புதிதாகப் பழகுகிறோம் என்று தயங்காமல் சொல்லி, எப்படிப் போடுவது என்று கேளுங்கள்.

நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் தேயிலைக்கு ஆகாது. கண்ணாடிப் போத்தல் வேண்டாம்; வெளிச்சமும் புகாத, இறுக மூடும் டின் நல்லது. அடுப்புக்குப் பக்கத்திலும் மசாலா டப்பாக்களுக்கு நடுவிலும் வைத்தால் இலை அந்த வாசனையை எல்லாம் இழுத்துக்கொள்ளும்.

மூன்றாவது படி: தண்ணீரின் சூடு

முக்கியமான இடம் இதுதான். பச்சைத் தேயிலைக்கு 75 முதல் 80 டிகிரி செல்சியஸ் போதும். கொதிநீரை ஊற்றினால் கசப்பும் துவர்ப்பும் தரும் பொருள்கள் ஒரேயடியாக இறங்கிவிடும். வெப்பமானி வேண்டியதில்லை. மூன்று பங்கு கொதிநீரில் ஒரு பங்கு குழாய்த் தண்ணீரைக் கலந்தால், நம் ஊர்ச் சூட்டுக்கு ஏறக்குறைய 80 டிகிரி வந்துவிடும். சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம் என்பதால் இந்த வழி நமக்கு வசதி.

ஒரு கோப்பைக்கு, அதாவது 200 மில்லிலிட்டருக்கு, சுமார் 2 கிராம் இலை. தூளாக இருந்தால் மட்டமாக ஒரு தேக்கரண்டி. வெள்ளைத் தேயிலை பஞ்சு மாதிரி எடையே இருக்காது, அதனால் இரண்டு தேக்கரண்டி போடுங்கள்.

பச்சை: 80 டிகிரிக்கு மேல் போகாமல் 2 நிமிடம். நேரமானதும் வடித்துவிட வேண்டும், இலையைக் கோப்பையிலேயே ஊறவிடாதீர்கள்.

வெள்ளை: 80 முதல் 85 டிகிரி, 4 அல்லது 5 நிமிடம்.

ஊலாங்: 90 முதல் 95 டிகிரி, 3 நிமிடம். உருண்டை உருண்டையாகச் சுருட்டிய இலை என்றால், முதலில் கொஞ்சம் வெந்நீர் ஊற்றி உடனே கொட்டிவிடுங்கள், இலை விரியத் தொடங்கும். அதே இலையில் மூன்று நான்கு முறை போடலாம். எனக்குப் பிடித்தது இரண்டாவது தண்ணீர்.

கறுப்பு: நன்றாகக் கொதிக்கும் தண்ணீர், 3 முதல் 5 நிமிடம். பால் சேர்ப்பதாக இருந்தால் 5.

பூ-எர்: இதற்கும் கொதிநீர்தான். முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு இரண்டாவதிலிருந்து குடியுங்கள்.

நான்காவது படி: பலன்களைச் சரியாக எடைபோடுங்கள்

பச்சைத் தேயிலை தொப்பையைக் கரைக்கும், சர்க்கரை நோயைப் போக்கும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருபவற்றை நம்பி மருந்தை நிறுத்திவிடாதீர்கள். தயவுசெய்து. தேநீர் நல்ல பானம், மருந்து ஆகாது. இலையில் பாலிஃபீனால் என்ற பொருள்கள் நிறைய உண்டு. பச்சையில் கேட்டகின்களும் கறுப்பில் தியாஃப்ளேவின்களும் அதிகம். காஃபீனோடு எல்-தியானின் என்ற அமினோ அமிலமும் இருப்பதால், காப்பியின் படபடப்பு இல்லாமல் விழிப்பு வருவதைப் பலர் உணர்கிறார்கள்.

பிரிட்டனில் சுமார் 5 லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2022இல் வெளியானது. நாளுக்கு இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களின் இறப்பு விகிதம் 9 முதல் 13 விழுக்காடு குறைவாக இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் குடித்தது கறுப்புத் தேநீர். பால் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் அந்த வித்தியாசம் தெரிந்தது. தேநீர்தான் காரணம் என்று இதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் பச்சைத் தேயிலை மட்டுமே நல்லது என்று நினைத்து, பிடிக்காததை மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க வேண்டியதில்லை. மாத்திரையாக விற்கும் பச்சைத் தேயிலைச் சாறு மட்டும் வேண்டாம். அளவு கூடினால் கல்லீரலைப் பாதிக்கும்.

ஐந்தாவது படி: சர்க்கரையைக் குறையுங்கள்

எந்த இலை என்பதைவிட அதில் என்ன சேர்க்கிறோம் என்பதுதான் உடம்புக்குப் பெரிய விஷயம். காப்பிக்கடையில் வெறும் 'தே' என்று கேட்டால் இனிப்புக் கெட்டிப்பால் ஊற்றிக் கொடுப்பார்கள். அந்தப் பாலில் ஏறத்தாழ பாதி சர்க்கரைதான். 'தே ஹாலியா'வில் இஞ்சி இருக்கிறதே என்று ஆறுதல் அடைய முடியாது, அதிலும் பெரும்பாலும் அதே பால்தான்.

ஒரேயடியாக விட்டால் நாக்கு ஒத்துழைக்காது. முதலில் 'தே சியூ தாய்' கேளுங்கள், இனிப்பு குறையும். சில வாரம் கழித்து 'தே சி சியூ தாய்', அப்புறம் 'தே சி கோசோங்'. அதில் இனிப்பில்லாத ஆவிப்பால் மட்டும் இருக்கும், சர்க்கரை இருக்காது. கடைசியாக 'தே ஓ கோசோங்', அதில் பாலும் கிடையாது. பெரிய கடைகளில் 2023 டிசம்பர் 30 முதல், உடனுக்குடன் தயாரிக்கும் பானங்களுக்கும் நியூட்ரி-கிரேட் முத்திரை உண்டு; சர்க்கரையையும் கொழுப்பையும் வைத்து 'ஏ' முதல் 'டி' வரை தரம் பிரிக்கும் முறை அது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'டி'. பபிள் டீ வாங்கும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டிக் கொடுங்கள்.

ஆறாவது படி: எப்போது குடிப்பது

தோசை சாப்பிட்ட கையோடு தேநீர் என்பது நம் பழக்கம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதைத் தேநீர் தடுக்கும். சைவம் சாப்பிடுபவர்களும் ரத்தசோகை உள்ள பெண்களும் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள். சாப்பாட்டோடு எலுமிச்சைச் சாறு எடுத்தால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும்.

சூட்டையும் கவனியுங்கள். 65 டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பது உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016இல் வகைப்படுத்தியது. இழுத்து ஆற்றும் நம் வழக்கம் இதற்கு நல்லது. கர்ப்பிணிகள் காப்பி, தேநீர், கோலா எல்லாம் சேர்த்து நாளுக்கு 200 மில்லிகிராம் காஃபீனைத் தாண்டாமல் இருப்பது நல்லது. ஒரு கோப்பைக் கறுப்புத் தேநீரிலேயே 40, 50 மில்லிகிராம் இருக்கும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள், பச்சைத் தேநீரை நிறையக் குடிக்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள்.

சூடாகவே குடிக்கப் பிடிக்காதவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் பச்சைத் தேயிலையோ ஊலாங்கோ போட்டு மூடி, இரவு குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். காலையில் வடித்தால் கசப்பே தெரியாது, சர்க்கரையும் கேட்காது. அன்றைக்கே குடித்துத் தீர்த்துவிடுங்கள்.