சுந்தோன் பூவை எங்கிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

தாய்லாந்தின் செவ்வியல் கவிஞர் சுந்தோன் பூவை (1786–1855) வாசிக்க விரும்புவோர், பல்லாயிரம் அடிகள் கொண்ட ‘பிரா அபை மணி’ காப்பியத்தை முதலில் எடுத்துத் திணற வேண்டியதில்லை, அவர் துறவியாக இருந்தபோது பாடிய ‘நிராத் பூகாவ் தோங்’ என்னும் சிறிய நூலிலிருந்து தொடங்குவதே நல்லது. இரண்டாம் ராமா மன்னரின் அவைப் புலவராக வாழ்ந்தவர், 1824-இல் மன்னர் மறைந்ததும் அரண்மனை ஆதரவை இழந்து துறவு பூண்டார் என்பதை மட்டும் அதற்குமுன் தெரிந்துகொண்டால் போதும். (அடுத்து அரியணை ஏறியவரின் பாட்டை அவையிலேயே திருத்திப் பகை தேடிக்கொண்டார் என்பது செவிவழிக் கதை, சுவையானதுதான்.)

நிராத் என்பது பிரிவுத்துயரைப் பாடும் பயண இலக்கியம். ஆகவே சாவ் பிரயா ஆற்றின் வரைபடத்தை அருகில் வைத்துக்கொண்டு, பாங்காக்கிலிருந்து அயுத்தயா நோக்கிச் செல்லும் படகோடு சேர்ந்தே படியுங்கள். அரண்மனைத் துறையைக் கடக்கையில், மன்னரின் அருகே பணிந்திருந்தபோது நுகர்ந்த நறுமணத்தை நினைத்து, அந்த மணம் போனதுபோலத் தம் நல்லூழும் போயிற்று என்கிறார். புகை கக்கும் சாராய ஆலையைக் கண்டதும், குடிவெறி விடிந்தால் தெளிந்துவிடும், மனத்தின் வெறியோ இரவுதோறும் வருகிறது என்கிறார். இவ்விரண்டு இடங்களையும் நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும்.

தாய் மொழி தெரியாவிட்டாலும் ஒலிப்பதிவைக் கேளுங்கள். அவர் செம்மைப்படுத்திய ‘குளோன்’ யாப்பில், அடிக்கு ஏறத்தாழ எட்டு அசைகள் வரும். முதலடியின் இறுதி ஒலி அடுத்த அடியின் நடுவில் திரும்ப ஒலிக்கும். நம் இயைபு அடியிறுதியிலேயே நின்றுவிடுவது. இதுவோ அடுத்த அடிக்குள்ளும் புகுந்து கோக்கிறது.

பிறகு ‘பிரா அபை மணி’க்குப் போகலாம். புல்லாங்குழல் இளவரசன், அவனைக் கவர்ந்து செல்லும் கடலரக்கி, கடற்கன்னி பெற்ற மகன் சுத்சாகோன் ஆகியோரின் பகுதிகளை முதலில் படித்துவிட்டு, லங்கையின் அரசி லவேங் வரும் போர்ப் பகுதிக்குச் செல்லுங்கள். அந்த லங்கையை ஆள்வோர் வெள்ளையர். கண்டி 1815-இல் ஆங்கிலேயர் கைக்குப் போன செய்தியை மனத்தில் கொண்டு படித்தால், மாயக்கதைக்குள் அக்காலத்து ஆசியாவும் தென்படும்.

நேரில் செல்ல முடிந்தவர்கள், அவர் துறவியாகத் தங்கிய பாங்காக் வாட் தெப்திதாராம் புத்தக் கோயிலையும், தந்தையின் ஊரான ராயோங் மாநிலக் கிளேங்கில் காப்பியப் பாத்திரங்களின் சிலைகளோடு அமைந்த நினைவிடத்தையும் பார்க்கலாம். ஜூன் 26, அவருடைய நாளாகக் கொண்டாடப்படுகிறது.