மருத்துவ ஆய்வு இழுத்துக்கொண்டே போகிறதா? கூடுதல் காலமும் நிதியும் கேட்கும்போது நடக்கும் தவறுகள்

மருத்துவ ஆய்வு சொன்ன தேதியில் முடியாமல் போவது அபூர்வம் அல்ல. பிரிட்டனில் 1994 முதல் 2002 வரை இரண்டு பெரிய அரசு நிதி அமைப்புகள் பணம் கொடுத்த, பல மையங்களில் நடந்த மருத்துவப் பரிசோதனைகளைப் பின்னால் ஒரு குழு எடுத்துப் பார்த்தது. முதலில் சொன்ன எண்ணிக்கையில் நோயாளிகளைச் சேர்க்க முடிந்தவை 31 சதவீதம்தான். 53 சதவீதத்துக்குக் கால நீட்டிப்பு கொடுக்க வேண்டியிருந்தது. அத்தனை வசதியும் அனுபவமும் உள்ள இடத்திலேயே இதுதான் நிலைமை. அதனால் நீட்டிப்பு கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. எப்போது கேட்கிறோம், என்ன கணக்கைக் காட்டிக் கேட்கிறோம் என்பதில்தான் நம் ஊர் ஆய்வுகள் பல அடிபடுகின்றன. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) போன்ற அரசு அமைப்புகளின் நிதியில் மருத்துவக் கல்லூரிகளில் நடக்கும் ஆய்வுகளை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

கணக்குப் போடாமல் "ஆறு மாதம்" என்று எழுதுவது

எனக்குத் தெரிந்து மிகப் பெரிய தவறு இதுதான். எவ்வளவு காலம் கேட்கலாம் என்று யோசிக்கும்போது, கொடுத்துவிடுவார்கள் என்று தோன்றும் எண்ணை எழுதிவிடுகிறோம். ஆய்வுக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை.

ஓர் உதாரணம். 240 பேர் தேவை. மாதம் 10 பேர் வீதம் 24 மாதத்தில் சேர்ப்பதாகத் திட்டம். ஒவ்வொருவருக்கும் 12 மாதம் ஃபாலோ-அப், அதாவது சேர்ந்த பிறகு தொடர்ந்து கண்காணிப்பது. மொத்தம் 36 மாதம். 18-ம் மாதத்தில் பார்த்தால் 90 பேர்தான் சேர்ந்திருக்கிறார்கள், அதாவது மாதம் 5 பேர். மீதி 150 பேருக்கு இதே வேகத்தில் 30 மாதம் ஆகும். கடைசியாகச் சேர்ந்தவரின் ஃபாலோ-அப்புக்கு இன்னும் 12 மாதம். ஆக 42 மாதம் வேண்டும், கையில் இருப்பது 18. பற்றாக்குறை 24 மாதம். இந்த ஆய்வுக்கு ஆறு மாத நீட்டிப்பு கிடைத்தால் என்ன ஆகும்? அது முடியும்போது மறுபடியும் ஒரு கடிதம் எழுத வேண்டும். முதல் கணக்கு தப்பாகப் போனவரை இரண்டாவது முறை நம்புவது நிதி அமைப்பின் எந்த நிபுணர் குழுவுக்கும் கஷ்டம்.

24 மாதம் கேட்டால் கொடுப்பார்களா? சும்மா கேட்டால் கொடுக்க மாட்டார்கள். அதனால் வேகத்தை எப்படிக் கூட்டப் போகிறீர்கள் என்பதையும் அதே கணக்கில் வையுங்கள். தலா மாதம் 3 பேர் வீதம் சேர்க்கக்கூடிய இரண்டு மருத்துவமனைகளைக் கூடுதலாக இணைப்பதாக வைத்துக்கொள்வோம். எதிக்ஸ் கமிட்டி (ஆய்வு அறப்படி நடக்கிறதா என்று பார்க்கும் குழு) ஒப்புதல், பயிற்சி எல்லாம் முடிய 4 மாதம். அதுவரை பழைய வேகத்தில் 20 பேர். அப்புறம் மாதம் 11 பேர் என்றால் மீதி 130 பேருக்கு 12 மாதம். ஃபாலோ-அப் 12 மாதம். மொத்தம் 28, பற்றாக்குறை 10 மாதம். தரவைச் சரிபார்த்துப் பகுப்பாய்வு செய்ய 3 மாதம் சேர்த்து 13 மாதம் கேட்கலாம். அந்த மூன்று மாதம் முதல் திட்டத்திலேயே இல்லாமல் போனதும் ஒரு தவறுதான். நிறைய திட்ட வரைவுகளில் கடைசி நோயாளியின் கடைசி வருகையோடு காலண்டர் முடிந்துவிடுகிறது.

காரணத்தைப் பொத்தாம்பொதுவாகச் சொல்வது

"எதிர்பார்த்த அளவு நோயாளிகள் வரவில்லை", "நிர்வாகக் காரணங்கள்" போன்ற வரிகளைப் படிக்கும் நிபுணர் குழுவுக்கு அவற்றிலிருந்து எதுவும் தெரியாது. பதில் உங்கள் ஸ்க்ரீனிங் பதிவேட்டில், அதாவது ஆய்வுக்குத் தகுதியா என்று பார்த்த நோயாளிகளின் பட்டியலில் இருக்கிறது. கடந்த ஆறு மாதத்தில் பரிசோதித்துப் பார்த்தவர்கள் 212, தகுதியானவர்கள் 61, சம்மதித்தவர்கள் 30 என்று இருக்கட்டும். மறுத்த 31 பேரில் 19 பேர் ஃபாலோ-அப்புக்கு வந்தால் அன்றைய கூலி போய்விடும் என்று சொன்னதாகக் குறித்திருந்தால் விஷயம் விளங்கிவிடும். இந்த இடத்தில் புது மருத்துவமனையைச் சேர்ப்பதை விட, போக்குவரத்துச் செலவும் இழந்த கூலிக்கு ஈடும் கொடுக்க நிதி கேட்பதுதான் சரி. மாறாக, 212 பேரில் தகுதியானவர்களே 20 பேர்தான் என்றால் சேர்க்கை விதிகள் இறுக்கமாக இருக்கின்றன என்று பொருள். அதை மாற்ற ஆய்வு நெறிமுறையில் (புரோட்டோகால்) திருத்தமும் எதிக்ஸ் கமிட்டி ஒப்புதலும் வேண்டும். அதற்கான மாதங்களையும் கணக்கில் சேருங்கள். மறுப்புக் காரணத்தை எழுதி வைக்காத ஆய்வால் இந்த வாதம் எதையும் வைக்க முடியாது. பதிவேட்டில் அந்த ஒரு கட்டத்தை முதல் நாளிலிருந்தே நிரப்பச் சொல்லுங்கள்.

நிதி தாமதமாக வந்ததால் ஆய்வு தாமதமானது என்பதும் நியாயமான காரணமே. ஆனால் நிதி ஒதுக்கிய ஆணையின் தேதி, பணம் வங்கிக் கணக்கில் ஏறிய தேதி, ஆட்களை வேலைக்கு எடுத்த தேதி மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். அப்படி வைக்கும்போது சில சமயம் வேறொரு உண்மை வெளியே வரும்: பணம் எப்படிச் செலவானது என்று காட்டும் போன வருடத்து பயன்பாட்டுச் சான்றிதழ், அதாவது யூ.சி., நிதி அமைப்புக்குப் போகாததால்தான் அடுத்த தவணை வரவில்லை. 2017-ன் மத்திய அரசு பொது நிதி விதிகளின்படி அது 12-ஏ படிவத்தில் போக வேண்டும். கணக்குப் பிரிவில் ஒரு கையெழுத்துக்காக அது தூங்கிக்கொண்டிருந்தால் நீட்டிப்புக் கடிதமும் அங்கேயே நிற்கும். யூ.சி.யை முதலில் கிளப்புங்கள்.

காலம் வேறு, பணம் வேறு

கூடுதல் செலவில்லாத நீட்டிப்பு சுலபமாகக் கிடைக்கும் என்று அதையே கேட்டுவிட்டு, நான்காவது மாதம் சம்பளம் கொடுக்கப் பணமில்லாமல் நிற்கும் ஆய்வுகள் உண்டு. நீட்டிப்புக் காலத்திலும் ஆராய்ச்சி செவிலியருக்கும் கள ஆய்வாளருக்கும் சம்பளம் போக வேண்டும். மைனஸ் 80 டிகிரியில் வைத்த ரத்த மாதிரிகளைப் பாதுகாக்க வேண்டும். காப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டும். பரிசோதனை கிட் விலை ஏறியிருக்கும். கையிருப்பைச் செலவுத் தலைப்பு வாரியாகப் பாருங்கள்: கருவித் தலைப்பில் மிஞ்சிய பணத்தை அனுமதி இல்லாமல் சம்பளத்துக்கு எடுக்க முடியாது. மானியத்தில் சேர்ந்த வங்கி வட்டியும் அரசுக்குத் திரும்பிப் போக வேண்டியது, ஆய்வின் பணம் அல்ல.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு: பணம் மிச்சம் இருக்கிறது, அதனால் காலம் வேண்டும் என்பது. அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிதி அமைப்பான என்.ஐ.ஹெச். தன் மானிய விதிகளில், பணம் மிஞ்சியிருப்பது மட்டுமே நீட்டிப்புக்குப் போதுமான காரணம் ஆகாது என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. இங்கேயும் குழுவில் அதே கேள்விதான் வரும். எந்த வேலை பாக்கி, அதற்கு இந்தப் பணம் எப்படி ஆகும் என்று எழுதுங்கள். கூடவே ஒரு புது நோக்கத்தையும் செருகாதீர்கள். புதுக் கேள்விக்குப் புது விண்ணப்பம்தான் வழி.

கடைசி மாதத்தில் எழுதுவது

திட்டம் முடியும் அதே நாளில்தான் திட்டப் பணியாளர்களின் ஒப்பந்தமும் முடிகிறது. கடிதம் துறைத் தலைவர், டீன், பிறகு நிதி அமைப்பின் நிபுணர் குழு என்று போய்வர மாதங்கள் ஆகும். அந்த இடைவெளியில் சம்பளம் இல்லை. நோயாளிகளைப் பெயர் சொல்லி அழைக்கும் அளவுக்குப் பழகிய செவிலியர் வேறு வேலைக்குப் போய்விடுவார். யார் வீட்டுக்கு எந்த நேரத்தில் போன் செய்தால் எடுப்பார்கள் என்பது அவருக்கு மட்டும் தெரிந்த விஷயம். ஆணை வரும்போது ஃபாலோ-அப் பாதி உடைந்திருக்கும். எத்தனை மாதம் முன்னால் கேட்க வேண்டும் என்பதை உங்கள் சாங்ஷன் ஆர்டரில் (நிதி ஒதுக்கிய ஆணை) பாருங்கள். என் கருத்தில், சேர்க்கை தொடர்ந்து மூன்று மாதம் திட்டமிட்டதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே போனால் அடுத்த அறிக்கையிலேயே அதைச் சொல்லிவிட வேண்டும்.

நிதி அமைப்பு ஒப்புக்கொண்டால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதும் ஆபத்து. எதிக்ஸ் கமிட்டி ஒப்புதல் காலாவதியானால் ஒருவரைக்கூடச் சேர்க்கக் கூடாது. சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவகம்) பதிவில் ஆய்வின் காலத்தையும் மையங்களையும் திருத்த வேண்டும். புதிய மருந்து ஆய்வு என்றால், 2019-ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகளின் கீழ் கிடைத்த அனுமதி, நீட்டிக்கப்படாவிட்டால் இரண்டு ஆண்டுகள்தான் செல்லும். ஆய்வு மருந்தின் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

எண்ணிக்கையைக் குறைத்துத் தப்பிப்பது

காலம் கிடைக்காது என்று பயந்து 240-ஐ 150 ஆக்கலாமா என்ற யோசனை வரும். இடையில், ஆய்வில் ஒப்பிடப்படும் இரண்டு நோயாளிக் குழுக்களின் முடிவுகளையும் பிரித்துப் பார்த்துவிட்டு இதைச் செய்தால் ஆய்வின் நம்பகத்தன்மையே போய்விடும். எந்தக் குழு எது என்று தெரியாத நிலையில், மொத்தத் தரவின் சிதறலை மட்டும் வைத்துப் புள்ளியியலாளர் மறுகணக்கு போடுவதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட முறைகள் இருக்கின்றன. பிரித்துப் பார்க்கும் வேலையை, ஆய்வை நடத்துபவர்களைச் சாராத தரவுக் கண்காணிப்புக் குழுவிடமே விடுங்கள்.

சில ஆய்வுகளை நிறுத்துவதே சரி. எந்தக் கணக்கிலும் இன்னும் நான்கு ஆண்டு ஆகும் என்று வந்தால், அல்லது அதற்குள் சிகிச்சை முறையே மாறிவிட்டால், காலம் கேட்பதை விட நேர்மையாக முடிப்பது நல்லது. ஆனால் ஏற்கெனவே சேர்ந்த 90 பேர் ரத்தம் கொடுத்தவர்கள், வேலையை விட்டு வந்தவர்கள். அவர்களின் ஃபாலோ-அப்பை நடுவில் விடக் கூடாது. சேர்க்கையை நிறுத்தும் தேதியை எழுதி, அந்த 90 பேரின் ஃபாலோ-அப்புக்கும் பகுப்பாய்வுக்கும் தேவையான மாதங்களையும் செலவையும் மட்டும் கேளுங்கள். அதே வாரத்தில் எதிக்ஸ் கமிட்டிக்கும் சி.டி.ஆர்.ஐ.-க்கும் தெரிவித்துவிடுங்கள்.