பனிக்காலத்தில் வீட்டை வாடகைக்கு விடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரையாண்டு விடுமுறை தொடங்கினால் பொங்கல் முடியும்வரை ஊட்டியிலும் கொடைக்கானலிலும் காலி வீடு கிடைப்பது கஷ்டம். உறைபனி விழுவதும் இதே வாரங்களில்தான். நாள் வாடகைக்குப் புதிதாக வீடு விடுகிறவர்கள் பெயின்ட் அடிக்கிறார்கள், வாசலில் சீரியல் பல்பு மாட்டுகிறார்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் குளிர் எலும்பைத் தொடும்போது உள்ளே படுத்திருப்பவர் என்ன செய்வார் என்று மட்டும் யோசிப்பதில்லை. பூட்டு, கேமரா பற்றி எல்லோருக்கும் தெரியும், அவற்றை விட்டுவிடுவோம்.

அறைக்குள் கரி

உயிரைப் பறிக்கும் தவறு இது. எத்தனை முறை செய்தி வந்தாலும் அடுத்த டிசம்பரில் திரும்ப நடக்கிறது.

கேம்ப்ஃபயர், பார்பிக்யூ என்று தனியாகக் காசு வாங்கிக்கொண்டு இரும்புச் சட்டியும் கரியும் கொடுக்கிறார்கள். பத்து மணிக்கு மேல் வெளியே உட்கார முடியாது. சட்டியில் கங்கு சிவந்திருக்கும், மேலே சாம்பல் பூத்திருக்கும், புகை அடங்கியிருக்கும். "புகைதான் இல்லையே" என்று சட்டியைத் தூக்கிவந்து கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து, கதவிடுக்கில் துண்டைச் செருகிவிட்டுப் படுப்பார்கள்.

கங்கு கனலும்வரை கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது; இருமல்கூட வராது. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பிடித்துக்கொள்ளும். ஜன்னலையும் சாத்திவிட்டால் வாயு வெளியேற வழியே இல்லை. தூங்குகிறவர் தூக்கத்திலேயே நினைவிழப்பார்.

விழித்திருப்பவருக்குத் தலைவலி, குமட்டல், கால் தள்ளாட்டம் வரும். கொண்டை ஊசி வளைவுகளில் வந்த மயக்கம் என்றோ, குடித்தது ஒத்துக்கொள்ளவில்லை என்றோ நினைத்து மறுபடி படுத்துவிடுவார்கள். ஒரே அறையில் இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் உடனே எல்லோரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 108-ஐ அழைக்க வேண்டும். விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை நம்பக்கூடாது. இந்த வாயு ஏறிய ரத்தத்தையும் அது 98 என்று காட்டக்கூடும்.

"கரி கொண்டுவராதீர்கள்" என்று போர்டு மாட்டினால் மட்டும் போதாது. குளிருக்கு நீங்கள் வேறு வழி கொடுக்காதபோதுதான் விருந்தினர் கரியைத் தேடுகிறார். கரன்ட் பில்லுக்குப் பயந்து ஹீட்டரை ஒளித்துவைக்கும் உரிமையாளர்களை நினைத்தால் கோபம்தான் வருகிறது. 2000 வாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் நிற்காமல் ஓடினாலும் 16 யூனிட்தான். ஓர் உயிரைவிடப் பெரிய செலவா அது? அறைக்கு மின்சாரத்தில் ஓடும் ஓர் ஆயில் ஹீட்டர், ஆளுக்கு இரண்டு கம்பளி, ஒரு வெந்நீர்ப் பை கொடுங்கள். வெளியே நெருப்பு மூட்டினால், கடைசிக் கங்கில் தண்ணீர் ஊற்றிச் சட்டியை எடுத்துப் பூட்டுவது வாட்ச்மேனின் வேலையாக இருக்கட்டும். ஒவ்வொரு படுக்கையறையிலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் வையுங்கள். புகை அலாரம் இதைக் கண்டுபிடிக்காது.

பழைய பங்களாக்களின் கணப்படுப்பும் இதே கதைதான். சிம்னி வாயில் பறவை கூடு கட்டியிருக்கும், அல்லது மழைக்கு வைத்த தகரம் அப்படியே மூடியிருக்கும். சீசனுக்கு முன் புகைபோக்கியைத் துடைத்துவிட்டு ஒரு செய்தித்தாளைக் கொளுத்திப் பாருங்கள். புகை அறைக்குள் திரும்பினால் அடுப்பை அடைத்துவிடுங்கள். ஈரச் சீகை மர (வாட்டில்) விறகு எரித்தால் புகைபோக்கியில் கரிப்பிசின் சீக்கிரம் படியும்.

காஸ் கீசர் குளியலறைக்குள்

கூடாது, இதிலும் அதே வாயு வரும். வெளிச்சுவரில் மாட்டுங்கள். உள்ளே ஏற்கெனவே இருந்தால் கழற்றுங்கள்.

ஹீட்டரும் சின்ன சாக்கெட்டும்

2000 வாட் ஹீட்டர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். கட்டிலோரம் இருப்பது 6 ஆம்பியர் சாக்கெட். ஹீட்டர் பிளக்கின் தடித்த முனை அதில் நுழையாது என்று கடையில் கன்வெர்ட்டர் வாங்கி மாட்டுவார்கள். இரண்டே ராத்திரியில் சாக்கெட் ஓட்டையைச் சுற்றிப் பழுப்பேறும், பிளாஸ்டிக் கருகும் வாசனை வரும். அடுத்தது திரைச்சீலைதான். ஹீட்டருக்கென்று போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரில் தனி லைன் இழுத்து, 20 ஆம்பியர் எம்.சி.பி.யும் (அதிகக் கரன்ட் ஓடினால் தானே அணையும் சுவிட்ச்) 16 ஆம்பியர் சாக்கெட்டும் போடுங்கள். கீசருக்கு வேறு லைன். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வீட்டில் இருக்கவே வேண்டாம். ஈர சாக்ஸை ஹீட்டர்மேல் காயப்போடுவார்கள், அதற்காகவே ஒரு துணி ஸ்டாண்டு வாங்கி வையுங்கள்.

சிலிண்டர்மேல் வெந்நீர்

குளிரில் காஸ் மெதுவாக வரும். வெந்நீர் ஊற்றாதீர்கள், அடியில் விளக்கு வைக்காதீர்கள்.

வராந்தாவில் குப்பை

பார்பிக்யூ எலும்பு, எண்ணெய்ப் பாட்டில், வெல்லம் எல்லாவற்றின் வாசனையும் கரடிக்கு எட்டும். கோத்தகிரி, குன்னூர் பக்கம் சமையலறைக் கதவையே உடைக்கும். ராத்திரி குப்பை வீட்டுக்குள் மூடிய டப்பாவில் இருக்கட்டும். காலையில் கதவைத் திறக்குமுன் ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், காட்டெருமை நிற்கலாம்.

பாசிப் படி

பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, கைப்பிடி வையுங்கள்.

இரண்டு புக்கிங்குக்கு நடுவே

மெயின் வால்வை அடைத்து, கீசர் சுவிட்சையும் அணைத்துவிட்டு வாருங்கள். அடுத்த கூட்டம் வருமுன் வால்வைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்று துப்புவது நின்று தண்ணீர் சீராக விழுந்த பிறகே கீசரைப் போடுங்கள். காலி டேங்கில் போட்டால் உள்ளே சூடேற்றும் கம்பிச்சுருள் கருகிவிடும். கீசர் கெட்ட ராத்திரியில்தான் யாராவது கரி கேட்பார்கள்.