மேஜைப் பலகை பிளக்காமல் இருக்க ஒரு நீள்துளை போதும்
ஐப்பசி மழையில் திறக்க மறுக்கும் மரக்கதவு சித்திரை வெயிலில் தானாகவே தளர்ந்துவிடுவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். காற்றிலுள்ள ஈரத்தை மரத்தின் நார்கள் உறிஞ்சி உப்புவதும், வறண்ட நாட்களில் அதை வெளியேற்றிச் சுருங்குவதுமே இதற்குக் காரணம். மரத்தை வெட்டி எத்தனை ஆண்டுகள் ஆனாலும் இந்த அசைவு நிற்பதில்லை. நீளவாக்கில் மரம் ஏறக்குறைய மாறுவதே இல்லை. அகலவாக்கில்தான் மாறுகிறது, அதிலும் வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில், அவற்றைக் குறுக்கே வெட்டும் திசையைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு மாறுகிறது.

தேக்கு, குறைவாக அசையும் மரங்களில் ஒன்று. அப்படியிருந்தும், 90 சென்டிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகையின் ஈரப்பதம் 4 சதவீதப் புள்ளிகள் மாறினால், அதன் அகலம் சுமார் 6 மில்லிமீட்டர் வரை மாறக்கூடும். அந்தப் பலகையைக் கீழ்ச்சட்டத்தோடு பசையும் திருகாணியும் போட்டு இறுக்கிவிட்டால், சுருங்க வழியில்லாமல் அது நடுவே பிளந்துவிடுகிறது. ஆகவே நடுவிலுள்ள திருகாணிக்கு மட்டும் சரியான அளவில் துளையிட்டு, இரு ஓரங்களிலும் சட்டத்தின் துளைகளைப் பலகையின் அகலவாக்கில் நீளமாகக் குடைந்து, வாஷர் வைத்து, பலகை நகரும் அளவுக்கு மட்டும் முடுக்குங்கள். பசை அறவே வேண்டாம். கதவுச் சட்டத்தின் காடிக்குள் (நீளப் பள்ளத்துக்குள்) நடுப்பலகையைப் பசையின்றிச் செருகுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

வார்னிஷ் பூசும்போது அடிப்பக்கத்தை விட்டுவிடாதீர்கள். பூசாத பக்கம் ஈரத்தை விரைவாக ஏற்பதால், பலகை தட்டுப்போல் வளைந்துவிடும்.