கிறிஸ்துமஸ் வழக்கங்களை வீட்டில் செபமாக்குவது எப்படி? முதன்முறையாகத் தொடங்கும் குடும்பங்களுக்கு

நட்சத்திரம் கட்டுதல், குடில் வைத்தல், பரிசு வாங்குதல், கரோல் பாடுதல் என்று டிசம்பர் மாதம் தானாகவே நிறைந்துவிடுகிறது. 25ஆம் தேதி இரவு பிள்ளைகள் உறங்கிய பிறகு, இவ்வளவுக்கும் நடுவில் குடும்பமாக ஒருமுறையாவது அமைதியாக அமர்ந்து செபித்தோமா என்று எண்ணிப் பார்த்தால், எங்கள் வீட்டில் சில ஆண்டுகள் ‘இல்லை’ என்பதே பதிலாக இருந்தது. புதிதாக ஒரு பக்தி முயற்சியைச் சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடும் என்று முதலில் நினைத்தோம். அது வேலையை மட்டுமே கூட்டியது. ஏற்கெனவே கை பழகிய வழக்கங்களுக்குள் என்ன பொருள் இருக்கிறது என்று தேடத் தொடங்கிய பிறகுதான் அந்த மாதத்தின் முகமே மாறியது. அந்த வழியை, இதுவரை வீட்டில் எதையும் முறையாகச் செய்திராதவர்களும் பின்பற்றக்கூடிய விதத்தில், படிப்படியாக எழுதுகிறேன்.

முதல் படி: நவம்பர் மூன்றாம் வாரத்தில் ஒரு மாலை

அட்வெந்து என்றும் திருவருகைக்காலம் என்றும் சொல்லப்படும் ஆயத்த நாள்கள், நவம்பர் 30ஆம் தேதிக்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று தொடங்குகின்றன. ஆகவே தொடக்க நாள் நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் மாறும். காலத்தின் நீளமும் 22 நாள் முதல் 28 நாள் வரை வேறுபடும். அதற்கு ஒரு வாரம் முன்பாகவே குடும்பமாக அமர்ந்து, கடந்த ஆண்டு வீட்டில் என்னென்ன செய்தோம் என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, “இதை ஏன் செய்கிறோம்?” என்ற கேள்விக்குப் பிள்ளைகள் சொல்லும் பதிலை அவர்களுடைய சொற்களிலேயே குறித்துக்கொள்ளுங்கள், திருத்த வேண்டாம். பிறகு இரண்டு அல்லது மூன்று வழக்கங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். மற்றவை வழக்கம்போல மகிழ்ச்சிக்காகவே நடக்கட்டும். எல்லாவற்றையும் செபமாக மாற்ற முயலும் குடும்பம் பத்தாம் தேதிக்குள் களைத்துவிடும் என்பது என் உறுதியான கருத்து.

இரண்டாம் படி: நான்கு மெழுகுதிரிகள்

முதன்முறை தொடங்குபவர்களுக்கு நான் பரிந்துரைப்பது மெழுகுதிரி வளையத்தைத்தான். 1839ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஏழைப் பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்திவந்த யோஹான் ஹின்ரிஹ் விஹெர்ன் என்ற லூத்தரன் போதகர், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நாள்தோறும் கேட்ட பிள்ளைகளுக்காக ஒரு மரச்சக்கரத்தில் ஞாயிறுகளுக்குப் பெரிய மெழுகுதிரிகளையும் மற்ற நாள்களுக்குச் சிறியவற்றையும் பொருத்தினார். காத்திருக்க முடியாத பிள்ளைகளுக்குக் காத்திருப்பைக் கண்ணால் பார்க்கக் கொடுத்த அந்தச் சக்கரமே, பிற்காலத்தில் நான்கு மெழுகுதிரிகள் கொண்ட வளையமாகச் சுருங்கிப் பல சபைகளுக்கும் பரவியது.

ஒரு வட்டமான தட்டில் பசுந்தழைகளைப் பரப்பி நான்கு மெழுகுதிரிகளை நிறுத்துங்கள். கத்தோலிக்க மரபில் மூன்று ஊதா நிறத்திலும், மூன்றாம் ஞாயிற்றுக்குரியது இளஞ்சிவப்பிலும் இருக்கும். சபைக்குச் சபை நிறம் வேறுபடுவதால் கிடைத்த நிறத்தைப் பயன்படுத்துவதில் குறையில்லை. முதல் வாரம் ஒன்று, இரண்டாம் வாரம் இரண்டு என்று ஏற்றுங்கள். ஏற்றும் முன் அறையின் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, ஒரு நிமிடம் இருளில் பேசாமல் இருங்கள். இந்த ஒரு நிமிடத்தைத் தவிர்த்துவிட்டால் மெழுகுதிரி வெறும் அலங்காரமாகிவிடும். தழைகள் சில நாளில் காய்ந்து எளிதில் தீப்பற்றும் என்பதால் அவ்வப்போது மாற்றுங்கள். பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் ஏற்றவும் வேண்டாம்.

வீட்டில் அந்த ஆண்டு யாரையாவது இழந்திருந்தால், இருளில் இருக்கும் அந்த நிமிடத்தில் அவருடைய பெயரைச் சொல்லுங்கள். பண்டிகை நாளில் துக்கத்தை மறைக்க வேண்டும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் இருளை ஒப்புக்கொண்டு ஒளிக்காகக் காத்திருப்பதற்கென்றே அமைந்த காலம் இது.

மூன்றாம் படி: லூக்காவின் முதல் அதிகாரம்

லூக்கா நற்செய்தியில் 24 அதிகாரங்கள் இருப்பதால், டிசம்பர் முதல் தேதியிலிருந்து நாளுக்கு ஓர் அதிகாரம் வாசிக்கும் பழக்கம் பலரிடம் உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் முதல் அதிகாரத்தில் மட்டும் 80 வசனங்கள். சிறு பிள்ளைகள் அவ்வளவு நேரம் அமரமாட்டார்கள், பிறப்பின் கதையும் இரண்டாம் நாளிலேயே வந்துவிடும். அதனால் நாங்கள் வேறு கணக்கு வைத்துக்கொண்டோம். லூக்கா 1:5 முதல் 1:80 வரை உள்ள 76 வசனங்களை, நாளுக்கு மூன்று அல்லது நான்காக, டிசம்பர் 1 முதல் 23 வரை பிரித்துக்கொள்ளுங்கள். 24ஆம் தேதி இரவு 2:1 முதல் 2:20 வரை ஒரே மூச்சில் வாசியுங்கள்.

இவ்வாறு மெதுவாகச் செல்லும்போது, பண்டிகை அவசரத்தில் நாம் தாண்டிப்போகும் ஒருவர் கண்ணில் படுகிறார். வானதூதரின் சொல்லை நம்பாததால் பேச்சிழந்த செக்கரியா, தம் மகன் (பிற்காலத்துத் திருமுழுக்கு யோவான்) பிறந்து பெயர் சூட்டும் நாள் வரை ஊமையாக இருக்கிறார். பலகையில் “இக்குழந்தையின் பெயர் யோவான்” என்று எழுதிய பிறகே அவருடைய நா கட்டவிழ்கிறது. பிள்ளைகளிடம், “இத்தனை மாதம் பேச முடியாதிருந்த ஒருவர் முதலில் என்ன சொல்வார்?” என்று கேட்டுவிட்டு, விடையை அன்றே சொல்லாமல் நிறுத்துங்கள். அவர் கடவுளைப் புகழ்ந்து பாடுகிறார். அந்தப் பாடலின் கடைசி வரிகள், இருளிலும் இறப்பின் நிழலிலும் இருப்பவர்களுக்கு விண்ணிலிருந்து விடியல் வருகிறது என்று சொல்பவை. மேலே சொன்ன கணக்கின்படி அவ்வரிகள் டிசம்பர் 23 இரவு வந்து சேரும். பெரும்பாலான ஆண்டுகளில் அன்று நான்கு மெழுகுதிரிகளும் எரிந்துகொண்டிருக்கும். நான் எதையும் விளக்கத் தேவையின்றி, எங்கள் பிள்ளைகள் சுடரையும் வசனத்தையும் தாங்களாகவே இணைத்துக்கொண்டது அந்த இரவில்தான்.

நான்காம் படி: குடிலை ஒரே நாளில் முடிக்காதீர்கள்

1223ஆம் ஆண்டு கிறிஸ்து பிறப்பு இரவில், இத்தாலியின் கிரெச்சோ என்ற ஊரில், அசிசியின் பிரான்சிஸ் வைக்கோல் நிரப்பிய தீவனத்தொட்டியையும் ஓர் எருதையும் கழுதையையும் வரவழைத்து மக்களுக்குக் காட்டினார். பெத்லகேமில் அந்தக் குழந்தை எத்தனை இல்லாமைக்கு நடுவே கிடந்தது என்பதைக் கண்ணால் காண வேண்டும் என்பதே அவருடைய விருப்பம். நம் குடில்களில் விளக்குகள் பெருகும்போது முதலில் மறைந்துபோவது இந்த வறுமைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கூடுமானவரை எளிமையாக வையுங்கள்.

டிசம்பர் தொடக்கத்தில் கொட்டகையும் வெறும் தீவனத்தொட்டியும் மட்டும் இருக்கட்டும். அருகில் ஒரு கிண்ணத்தில் வைக்கோல் துண்டுகளை வையுங்கள். யாருக்கும் தெரியாமல் ஒருவருக்கு நன்மை செய்தவர் ஒரு துண்டை எடுத்துத் தொட்டியில் இடலாம். என்ன செய்தார் என்று யாரும் கேட்கக் கூடாது. எண்ணிக்கையைப் போட்டியாக்கவும் கூடாது. குழந்தை இயேசுவின் சொரூபத்தை 24ஆம் தேதி இரவு, வாசகம் முடிந்த பிறகு, வீட்டின் மிகச் சிறியவர் வைக்கட்டும்.

மூன்று ஞானிகளின் சொரூபங்களைக் குடிலிலிருந்து வெகு தொலைவில், மற்றோர் அறையில் நிறுத்துங்கள். நாள்தோறும் அவர்கள் சிறிது முன்னேறி ஜனவரி 6ஆம் தேதி, திருக்காட்சிப் பெருவிழாவன்று, வந்துசேர வேண்டும். இடையில் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்து, ஞானிகள் எத்தனை பேர், எங்கே வந்தார்கள் என்று தேடச் சொல்லுங்கள். எண்ணிக்கை அங்கே இல்லை. காணிக்கைகள் மூன்று என்பதால் மூவர் என்பது மரபாயிற்று. அவர்கள் வந்ததும் ஒரு வீட்டிற்கே என்று 2:11 சொல்கிறது. எருதும் கழுதையும்கூட நற்செய்திகளில் இல்லை; எசாயா 1:3ஐத் திறந்தால் அவை எங்கிருந்து வந்தன என்பது புரியும். மரபையும் மறைநூலையும் வேறுபடுத்தி அறியும் பிள்ளையின் நம்பிக்கை குறையாது. தேடிக் கண்டடைந்த ஒன்று நெடுநாள் மனத்தில் தங்கும்.

ஐந்தாம் படி: பரிசுகள்

டிசம்பர் 6 புனித நிக்கோலாஸின் நினைவு நாள். நான்காம் நூற்றாண்டில் மீரா நகரின் ஆயராக இருந்த அவர், வறுமையில் வாடிய மூன்று பெண்களின் வீட்டில் இரவில் மறைவாகப் பணத்தை இட்டுச் சென்றார் என்று மரபு கூறுகிறது. அந்த நாளில் குடும்பமாக ஒரே ஒரு மறைவான கொடையைத் திட்டமிடுங்கள். பெறுபவருக்குக் கொடுத்தவர் யார் என்பது தெரியவே வேண்டாம். மற்றப் பரிசுகள் எப்போதும்போல இருக்கலாம்.

ஆறாம் படி: 25க்குப் பிறகு

பலர் 26ஆம் தேதியே எல்லாவற்றையும் கழற்றிவிடுகிறார்கள். கிறிஸ்து பிறப்புக் காலம் 25ஆம் தேதிதான் தொடங்குகிறது. திருக்காட்சி வரை பன்னிரண்டு நாள்கள் உண்டு. விருந்தும் ஓட்டமும் ஓய்ந்த இந்த நாள்களில்தான் நிதானமாகக் கரோல் பாடவும், தனிமையில் இருப்பவர்களைச் சென்று பார்க்கவும் நேரம் கிடைக்கிறது. ஞானிகள் குடிலை அடைந்த இரவில் வளையத்தின் மெழுகுதிரிகளை ஒருமுறை கடைசியாக ஏற்றி, அவர்கள் வேறு வழியாகத் தம் நாடு திரும்பினார்கள் என்ற வசனம் வரை வாசியுங்கள். பிறகு சொரூபங்களைத் துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கும்போது, நவம்பரில் பிள்ளைகளின் பதில்களை எழுதிய தாளையும் உள்ளே வையுங்கள். அடுத்த நவம்பரில் பெட்டியைத் திறந்ததும் அதை வாசித்துவிட்டு, அதே கேள்வியை அவர்களிடம் மீண்டும் கேளுங்கள்.