மென்பொருள் கம்பெனிக்கு அபராதமா? தொகையைப் பிரித்துப் படிக்கும் முறை

2022 அக்டோபர் 20 அன்று, சந்தையில் நியாயமான போட்டியைக் காக்கும் அமைப்பான இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஆண்ட்ராய்டு போன் தயாரிப்பாளர்கள் மேல் தன் செயலிகளைத் திணித்தது குற்றச்சாட்டு. ஐந்தே நாளில் அடுத்த ஆணை வந்தது: பிளே ஸ்டோர் கட்டண முறைக்காக 936.44 கோடி. பார்த்தால் இரண்டும் வாய்க்கு வந்த எண் போலத்தான் இருக்கும். ஆனால் முதல் வழக்கில் விகிதம் 10 சதவீதம், இரண்டாவதில் 7. கால்குலேட்டரை எடுத்து 1,337.76-ஐ 0.10-ஆல் வகுங்கள், 936.44-ஐ 0.07-ஆல் வகுங்கள். ஒன்றில் 13,377.6 கோடி, மற்றதில் 13,377.7 கோடி. கூகுளின் இந்திய வருமானத்தின் மூன்றாண்டுச் சராசரியாக ஆணையம் எடுத்துக்கொண்ட தொகை அதுதான். அடித்தளம் ஒன்று, விகிதம் வேறு.

எந்த அபராதச் செய்தியையும் இப்படிப் பிரிக்கலாம். எதன்மேல் கணக்கு, எத்தனை சதவீதம், எத்தனை ஆண்டு, உச்சவரம்பு எங்கே, மேல்முறையீட்டில் எவ்வளவு மிஞ்சியது என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனால் போதும்.

முதலில், அது அபராதம்தானா?

அமெரிக்காவிலிருந்து வரும் செய்தி என்றால் பெரும்பாலும் இல்லை. ஏகபோகத்துக்கு எதிராக அங்கே அரசின் நீதித் துறை (Department of Justice) தொடுக்கும் சிவில் வழக்குகளில் அபராதம் என்ற பேச்சே கிடையாது. நடத்தையை மாற்று, பிரித்துவிடு என்ற உத்தரவுகள்தான். 1998-ல் மைக்ரோசாஃப்ட் மேல் தொடுத்த வழக்கு ஒரு டாலர் அபராதம்கூட இல்லாமல் முடிந்தது. கூகுள் தேடல் வழக்கில் 2024 ஆகஸ்டில் ஏகபோகம் என்று தீர்ப்பாகி, 2025 செப்டம்பரில் பரிகார உத்தரவு வந்தது. அதிலும் அபராதம் இல்லை. 2003-ல் ஏஓஎல் டைம் வார்னருக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த 75 கோடி டாலரைச் சிலர் அபராதப் பட்டியலில் சேர்த்துவிடுகிறார்கள். அது இரு கம்பெனிகள் தமக்குள் செய்துகொண்ட சமரசம்.

ஐரோப்பாவில் வேறொரு குழப்பம். 2025 ஏப்ரலில் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ, மெட்டாவுக்கு 20 கோடி யூரோ விதித்தது டிஜிட்டல் சந்தைச் சட்டத்தின் கீழ். அதற்குத் தனி விதி, தனி உச்சவரம்பு. ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்திய பழைய வகை வழக்குகளோடு அதைச் சேர்த்துக் கூட்டாதீர்கள். இந்தியாவிலும் 2023 திருத்தத்துக்குப் பிறகு சமரச வழி திறந்திருக்கிறது. ஆண்ட்ராய்டு டிவி வழக்கில் 2025 ஏப்ரலில் கூகுள் 20.24 கோடி ரூபாய்க்கு ஒத்துக்கொண்டது. 15 சதவீதத் தள்ளுபடி போக நின்ற தொகை அது. சட்டத்தின் கண்ணில் அது சமரசத் தொகை.

மொழிபெயர்ப்பில் பூஜ்யங்கள் தவறுவது அன்றாடம் நடக்கிறது. ஒரு மில்லியன் 10 லட்சம், ஒரு பில்லியன் 100 கோடி. 4.34 பில்லியன் யூரோ என்பது 434 கோடி யூரோ. ரூபாயில் சொல்ல வேண்டுமானால் ஆணை வந்த நாளின் மாற்று விகிதத்தைப் பயன்படுத்துங்கள். 2004-ன் அபராதத்தை இன்றைய விகிதத்தில் மாற்றினால் வரும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை.

அடித்தளம்: எந்த விற்றுமுதல்?

சண்டை முழுவதும் இங்கேதான். சதவீதத்தைப் பற்றி வாதாடுவதைவிட, எதன்மேல் சதவீதம் என்பதைக் குறைத்தால் வக்கீலுக்கு லாபம் பல மடங்கு.

இந்தியப் போட்டிச் சட்டத்தின் 27-வது பிரிவு, முந்தைய மூன்று நிதியாண்டுகளின் சராசரி விற்றுமுதலில், அதாவது விற்பனை வருமானத்தில், 10 சதவீதம் வரை விதிக்கலாம் என்கிறது. கம்பெனியின் மொத்த விற்றுமுதலா, தவறு நடந்த பொருளின் விற்றுமுதலா? 2017-ல் எக்செல் கிராப் கேர் வழக்கில் உச்ச நீதிமன்றம், தவறோடு தொடர்புடைய விற்றுமுதல்தான் கணக்கு என்று சொன்னது. அது பூச்சிமருந்து மாத்திரை வழக்கு. ஒரு பொருள், ஒரு விற்பனைக் கணக்கு என்று பிரிப்பது எளிது. இலவசமாகத் தரும் ஆண்ட்ராய்டுக்கு விற்றுமுதல் என்ன? பணம் விளம்பரத்தில் அல்லவா வருகிறது! அதனால்தான் 2022-ல் ஆணையம், எல்லாம் ஒன்றோடொன்று பின்னிய அமைப்பு என்று சொல்லி மொத்த இந்திய வருமானத்தையும் அடித்தளமாக எடுத்தது. கூகுள் கொடுத்த கணக்குகளில் முரண்பாடுகள் இருப்பதாகவும், ஆகவே தொகை தற்காலிகமானது என்றும் ஆணையமே குறிப்பிட்டது. செய்திகளில் இந்த வரி காணாமல் போய்விடும். ஆணையில் தேடிப் பாருங்கள்.

விளைவு? தேசியக் கம்பெனிச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் ஆண்ட்ராய்டு அபராதத்தை 2023 மார்ச்சில் முழுமையாக உறுதி செய்தது. பிளே ஸ்டோர் வழக்கில் 2025 மார்ச்சில், தொடர்புடைய விற்றுமுதலை மட்டும் கணக்கில் கொண்டு, 936.44 கோடியை 216.69 கோடியாகக் குறைத்தது. தவறு நடந்தது என்ற முடிவு பெரும்பகுதி நின்றது, அடித்தளம் சுருங்கியது. முக்கால் பங்குக்கும் மேல் போய்விட்டது.

சென்னையைச் சேர்ந்த மேட்ரிமோனி டாட் காம் புகார் கொடுத்த தேடல் வழக்கையும் இதே முறையில் பாருங்கள். 2018 பிப்ரவரியில் 135.86 கோடி, விகிதம் 5 சதவீதம். வகுத்தால் அடித்தளம் சுமார் 2,717 கோடி. 2013 முதல் 2015 வரையிலான நிதியாண்டுகளின் சராசரி அது. 2022-ல் எடுத்த 13,377 கோடிக்குப் பக்கத்தில் வைத்தால், தொகை ஏன் பத்து மடங்கானது என்பதற்குத் தனியாக விளக்கம் வேண்டாம்: விகிதம் இரண்டு மடங்கு, அடித்தளம் ஏறத்தாழ ஐந்து மடங்கு.

2024 மார்ச் 6 முதல் இந்தியாவில் கணக்கு இரண்டு படியாகிவிட்டது. முதல் படியில், தொடர்புடைய விற்றுமுதலின் சராசரியில் 30 சதவீதம் வரை எடுத்து, குற்றத்தின் தன்மைக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்க வேண்டும். இரண்டாம் படியில், வந்த தொகை உலகளாவிய சராசரி விற்றுமுதலின் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒரு கம்பெனியின் தொடர்புடைய சராசரி 500 கோடி, உலகச் சராசரி 1,000 கோடி என்று வைத்துக்கொள்வோம். முதல் படியில் 150 கோடி வரை போகலாம். உச்சவரம்பு 100 கோடி. ஆக 100-ல் நிற்கும். பெரிய கம்பெனிகளில் இது தலைகீழாக இருக்கும்: வரம்பு வானத்தில், அபராதம் தரையில்.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிள் நல்ல உதாரணம். உலக விற்றுமுதல் விதியை எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றத்துக்கு 2025-ல் போன அந்தக் கம்பெனி, 3,800 கோடி டாலர் வரை அபராதம் வரக்கூடும் என்று மனுவில் சொன்னது. அது உச்சவரம்பை வைத்து வாதத்துக்காகப் போட்ட கணக்கு. அதைப் படித்துவிட்டு ஆப்பிளுக்கு 3,800 கோடி டாலர் அபராதம் என்று பரப்பியவர்கள் உண்டு.

ஐரோப்பிய வாய்ப்பாடு

ஐரோப்பிய ஆணையத்தின் 2006-ன் வழிகாட்டு நெறிகள்தான் இன்றும் நடைமுறை. தவறோடு தொடர்புடைய பொருளின், ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்குள்ளான, கடைசி முழு ஆண்டின் விற்பனையை எடுக்க வேண்டும். அதில் 30 சதவீதம் வரை ஒரு விகிதம். அதைத் தவறு நீடித்த ஆண்டுகளால் பெருக்க வேண்டும். இந்தியாவுக்கும் அதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இந்தப் பெருக்கல்தான். ஆதிக்க வழக்குகளில் இங்கே காலநீட்சியைக் கருத்தில் கொள்வார்கள், ஆண்டுகளால் பெருக்குவது இல்லை. இதன்மேல் ஒரு ஆண்டு விற்பனையில் 15 முதல் 25 சதவீதம் வரை கூடுதல் தொகை. கார்ட்டல்களுக்கு, அதாவது விலையைத் தமக்குள் பேசி வைத்துக்கொள்ளும் கம்பெனிக் கூட்டணிகளுக்கு, அது கட்டாயம், மற்றவற்றில் ஐரோப்பிய ஆணையத்தின் விருப்பம். பழைய குற்றவாளி என்றால் முந்தைய ஒவ்வொரு குற்றத்துக்கும் 100 சதவீதம் வரை ஏற்றலாம். கடைசியில் வரம்பு: முந்தைய வணிக ஆண்டின் மொத்த உலக விற்றுமுதலில் 10 சதவீதம்.

எண்ணைப் போட்டுப் பார்ப்போம். தொடர்புடைய விற்பனை 200 கோடி யூரோ, விகிதம் 10 சதவீதம், நான்கு ஆண்டு: 80 கோடி. கூடுதல் 15 சதவீதம்: 30 கோடி. மொத்தம் 110 கோடி. கம்பெனியின் உலக விற்றுமுதல் 900 கோடி என்றால் அபராதம் 90 கோடியில் நின்றுவிடும்.

வாய்ப்பாடு எப்போதும் கைகொடுக்கும் என்று நம்ப வேண்டாம். இசை ஸ்ட்ரீமிங் செயலிகள் தொடர்பாக 2024 மார்ச்சில் ஆப்பிளுக்கு 180 கோடி யூரோவுக்கு மேல் விதித்தார்கள். வாய்ப்பாட்டுப்படி வந்தது சுமார் 4 கோடிதான். மிச்சம் முழுவதும், இனி செய்யாமல் இருக்க என்று மொத்தமாகச் சேர்த்த தொகை. வெளியிலிருந்து கணக்குப் போட்ட எவருக்கும் அந்த எண் வந்திருக்காது.

2006-க்கு முந்தைய ஆணைகளுக்கு இந்த முறை பொருந்தாது. 2004 மார்ச்சில் மைக்ரோசாஃப்டுக்கு விதித்தது பழைய 1998 நெறிகளின்படி. தொடக்கத் தொகை 16,57,32,101 யூரோ. கம்பெனி பெரியது என்பதால் இரண்டு மடங்கு. தவறு ஐந்து ஆண்டு ஐந்து மாதம் நீடித்ததால் அதன்மேல் 50 சதவீதம். நீங்களே பெருக்கிப் பாருங்கள். ஒரு யூரோ முழுமையாக்கல் போக, ஆணையில் உள்ள 49,71,96,304 வந்துவிடும்.

நாள் கணக்கில் ஏறும் தண்டம்

ஐரோப்பாவில் உத்தரவை நிறைவேற்றாவிட்டால் வருவது வேறு வகை. அங்கே வரம்பு, சராசரி நாள் விற்றுமுதலில் 5 சதவீதம். 2006 ஜூலையில் மைக்ரோசாஃப்டுக்கு வந்த 28.05 கோடி யூரோவைக் கையால் சரிபார்க்கலாம். 2005 டிசம்பர் 16 முதல் 2006 ஜூன் 20 வரை, இரு நாளையும் சேர்த்து எண்ணினால் 187 நாள். நாளுக்கு 15 லட்சம் யூரோ. 187 × 15 லட்சம் = 28.05 கோடி. முடிந்தது. 2008-ல் மறுபடி 89.9 கோடி வந்து, 2012-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அதை 86 கோடியாகக் குறைத்தது.

2013-ன் 56.1 கோடி யூரோவை இந்தப் பட்டியலில் சேர்ப்பது தவறு. பிரௌசரைத் தேர்ந்தெடுக்கும் திரையைக் காட்டுவதாகக் கொடுத்த வாக்குறுதியை விண்டோஸ் 7-ன் ஒரு அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் கைவிட்டது. 2011 மே முதல் 2012 ஜூலை வரை அந்தத் திரை வரவில்லை. வாக்குறுதி மீறலுக்கான ஒற்றை அபராதம் அது. தொழில்நுட்பக் கோளாறு என்ற விளக்கம் எடுபடவில்லை.

மேல்முறையீட்டைப் பார்க்காமல் எண்ணை எழுதாதீர்கள்

2024 செப்டம்பர் 10: கூகுள் ஷாப்பிங் வழக்கின் 242 கோடி யூரோவை ஐரோப்பிய நீதிமன்றம் உறுதி செய்தது. எட்டு நாள் கழித்து, செப்டம்பர் 18: கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ் வழக்கின் 149 கோடியைப் பொது நீதிமன்றம் ரத்து செய்தது. ஆண்ட்ராய்டின் 434 கோடி 2022-லேயே 412.5 கோடியாகியிருந்தது. "கூகுளுக்கு ஐரோப்பா விதித்த மொத்தம்" என்று மூன்றையும் கூட்டும் பழைய வரைபடங்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

தேடும்போது கம்பெனிப் பெயரைவிட வழக்கு எண் கைகொடுக்கும். ஐரோப்பாவில் ஷாப்பிங் 39740, ஆண்ட்ராய்டு 40099, ஆட்சென்ஸ் 40411. இந்தியாவில் ஆண்ட்ராய்டு 2018-ன் 39-ம் எண், பிளே ஸ்டோர் 2020-ன் 7-ம் எண். பத்திரிகைக் குறிப்பில் தொகை இருக்கும், கணக்கு இருக்காது. முழு ஆணையின் கடைசிப் பகுதிக்குப் போங்கள். வணிக ரகசியம் என்று கறுப்படித்த இடங்களில்தான் விற்றுமுதல் ஒளிந்திருக்கும். மேலே செய்தது போல விகிதத்தால் வகுத்து அதை மீட்டெடுக்கலாம்.

பணம் கைமாறியதா என்பது இன்னொரு கேள்வி. ஐரோப்பாவில் மேல்முறையீடு முடியும்வரை வங்கி உத்தரவாதம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கலாம். இந்தியாவில் 2023 திருத்தத்துக்குப் பிறகு மேல்முறையீடு செய்யவே 25 சதவீதம் கட்ட வேண்டும். தடை கேட்டால் தீர்ப்பாயம் அதைவிட அதிகமாகவும் கேட்கலாம். வாட்ஸ்ஆப் தனியுரிமைக் கொள்கைக்காக மெட்டாவுக்கு 2024 நவம்பரில் விதித்த 213.14 கோடியில் பாதியைக் கட்டச் சொல்லித்தான் 2025 ஜனவரியில் தடை கிடைத்தது.

கட்டிய பணம் இந்தியாவின் தொகுப்பு நிதிக்குப் போகும், ஐரோப்பாவில் ஒன்றியத்தின் பட்ஜெட்டுக்கு. புகார் கொடுத்தவருக்கு அதில் ஒரு பைசா கிடையாது. நட்டஈடு வேண்டும் என்கிற செயலித் தயாரிப்பாளர், ஆணையத்தின் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு, போட்டிச் சட்டத்தின் 53என் பிரிவின் கீழ் தீர்ப்பாயத்தில் தனியாக மனுப் போட வேண்டும். நட்டம் இவ்வளவு என்று கணக்குக் காட்டுவதும் அவர் பொறுப்பு.