பணமும் பிள்ளையும் பண்டமாற்று இல்லை: கஸ்டடி வழக்கில் செய்யக் கூடாத தவறுகள்

குடும்ப நீதிமன்ற வராண்டாவில் அரை நாள் நின்றால் இந்த இரண்டு வசனமும் காதில் விழும். "பிள்ளையைக் கண்ணுல காட்ட மாட்டேங்குறா, நான் எதுக்குப் பணம் கட்டணும்?" என்பார் ஒருவர். "ஆறு மாசமா ஒரு பைசா தரல, ஞாயித்துக்கிழமை மட்டும் அப்பான்னு வந்துடுவாரா?" என்பார் இன்னொருவர். இரண்டு கோபத்திலும் நியாயம் இருக்கலாம், ஆனால் இரண்டுமே தப்பு. ஜீவனாம்சமும் சரி, அப்பா அம்மாவைப் பார்ப்பதும் சரி, பிள்ளைக்குச் சேர வேண்டியவை. பிள்ளையைக் காட்டாவிட்டால் அதற்கு ஒரு மனு, பணம் வராவிட்டால் வசூலுக்கு ஒரு மனு, அவ்வளவுதான்.

அந்த வசூல் மனுவில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஜீவனாம்சத்துக்கான பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-வது பிரிவு (2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 144) சொல்வது, பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும் என்று. மொத்தமாகச் சேர்த்துக் கேட்டுக்கொள்ளலாம் என்று மூன்று வருடம் உட்கார்ந்திருந்தால், பழைய பாக்கிக்கு அந்த வழியில் வாரண்ட் கேட்பது பெரும்பாடு.

பணம் கட்ட வேண்டிய எதிர்த் தரப்பின் தவறு வேறு மாதிரி. வாய்தா மேல் வாய்தா வாங்கி இழுத்தால் மிச்சம் என்று நினைக்கிறார்கள். 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், மனு போட்ட தேதியிலிருந்தே ஜீவனாம்சம் என்று சொல்லிவிட்டது. இழுக்க இழுக்கப் பாக்கிதான் ஏறும். இரண்டு பேரும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும் என்பதும் அதே தீர்ப்புதான். அதில் சம்பளத்தைக் குறைத்து எழுதிவிட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் வந்ததும் விழிப்பவர்களைப் பார்த்தால் பாவமாகக்கூட இருக்காது.

அப்புறம் இந்த வயசுக் கணக்கு. "அஞ்சு வயசு வரை அம்மா, அதுக்கு மேல அப்பா" என்று சொந்தக்காரர்கள் தீர்ப்பே எழுதிவிடுவார்கள். 1956-ம் வருட இந்து இளவர் (மைனர்) சட்டம், ஐந்து வயதுக்குள் சாதாரணமாகத் தாயிடம் என்கிறது. ஐந்து முடிந்ததும் தானாக அப்பாவிடம் போய்விடும் என்று எங்கேயும் இல்லை. முஸ்லிம்களில், சன்னி பிரிவின் ஹனஃபி வழியில் மகன் ஏழு வயது வரை, மகள் பருவமடையும் வரை தாயிடம். ஷியா வழியில் மகன் இரண்டு, மகள் ஏழு. கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் வருட விவாகரத்துச் சட்டம், வயசு எதுவும் வகுக்காமல் நீதிமன்றத்திடமே விட்டிருக்கிறது. எந்த மதமானாலும் நீதிபதி முதலில் பார்ப்பது பிள்ளையின் நலனை. வயசை மட்டும் நம்பிப் போனால் ஏமாற்றம்தான். தலாக் ஆன முஸ்லிம் தந்தை பிள்ளைக்குப் பணம் தரும் கடமை, பிள்ளைக்கு இரண்டு வயது ஆனதோடு முடிந்துவிடும் என்பதும் தப்பு, 1997-லேயே நூர் சபா கதூன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை மறுத்துவிட்டது.

பரஸ்பர சம்மத விவாகரத்தில் "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரியில் அவசரமாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். அம்மா தன் ஜீவனாம்சத்தை விடலாம், பிள்ளையினுடையதை விட்டுக்கொடுக்க அவருக்கு உரிமை இல்லை. அந்த வரிக்குப் பதிலாக ஸ்கூல் ஃபீஸ் யார், கோடை விடுமுறை யாரிடம், பாஸ்போர்ட்டுக்கு யார் கையெழுத்து என்று எழுதி வாங்குங்கள். பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள், பேங்க் வழியாகவே போகட்டும்.